மொழிபெயர்க்காத வாக்கியம்

நீலகிரி மலை ரயில் என்றால் நமக்கு 'தைய தையா'தான் ஞாபகம் வரும். அதற்குப் பதினான்கு வருடம் முன்பே, 1984-ல், டேவிட் லீன் இந்த ரயிலைத் தன் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் ஓடவிட்டார். இ. எம். ஃபார்ஸ்டரின் நாவலில் டாக்டர் அஸீஸ் தன் ஆங்கிலேய விருந்தினர்களை மராபர் குகைகளுக்கு அழைத்துப்போவது பீகார் பக்கத்துச் சமவெளி ரயிலில். லீனுக்கு அது போதவில்லை, மலையும் பாலமும் வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை மன்னித்துவிடலாம். முடிவில் அவர் செய்த மாற்றத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. காரணம், அதே ரயிலில் நானும் அதைச் செய்தேன்.

2025 இறுதியில் எங்கள் அணியின் அமெரிக்க மேலாளர் இந்தியா வந்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் ஏறினோம். கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் பிடித்துக்கொண்டு ரயில் ஏறத் தொடங்கியதும் குழந்தை மாதிரி குதூகலித்தார். எதிரில் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம். பனியன் ஏற்றுமதிக்காரர். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முறுக்கை நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஓட்டு யாருக்குப் போட்டாருன்னு கேளுங்க தம்பி."

கேட்டேன். "அவருக்குப் போடவே இல்லை. வெளிநாடு போனாலே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது" என்றார் மேலாளர். தமிழில் சொன்னேன். திருப்பூர்க்காரர் சிரித்தார். "நல்ல மனுசன். ஆனா அவரு போடலைன்னா மட்டும் என் பனியனுக்கு வரி குறைஞ்சிருமா?"

என்ன சொல்கிறார் என்று மேலாளர் கேட்டார். "முறுக்கு வீட்டில் செய்ததாம்" என்றேன்.

ஃபார்ஸ்டர் 1912-13ல் முதல்முறை இந்தியா வந்துபோன பின் இந்த நாவலைத் தொடங்கினார். முடித்தது 1921-ல் இரண்டாம் முறை வந்துபோன பிறகு. நடுவில் 1919, ஜாலியன்வாலா பாக். ஓர் இந்தியனும் ஓர் ஆங்கிலேயனும் நண்பர்களாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு 1924-ல் வெளிவந்த நாவல் சொல்லும் பதிலில் இனிப்பே கிடையாது. தன்மேல் பொய்ப்பழி சுமத்திய அடெலாவுக்கு அஸீஸ் கடைசியில் கனிவோடு கடிதம் எழுதுகிறான். நாவல் அங்கே நிற்பதில்லை. அஸீஸும் ஃபீல்டிங்கும் குதிரையில் போகிறார்கள். இருவருக்கும் நட்பு வேண்டும். ஆனால் குதிரைகள் விலகுகின்றன, பாதை குறுகுகிறது, கோயிலும் சிறையும் அரண்மனையும் குறுக்கே நிற்கின்றன. மனதில் குறை ஏதும் இல்லை. நடுவில் ஓர் அரசாங்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

லீன் குதிரைகளை விட்டுவிட்டார். படம் காஷ்மீரின் பனிமலைகளுக்குப் போய், பிரிந்த நண்பர்களைச் சேர்த்துவைத்து, லண்டனில் அடெலா அந்தக் கடிதத்தைப் படிப்பதோடு முடிகிறது. அரசியலாக இருந்தது மனத்தாங்கலாக மாறிவிடுகிறது. மனத்தாங்கலுக்கு மன்னிப்புப் போதும். பேரரசுக்கு?

'அவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை' என்பது லீனின் முடிவு. சொல்பவருக்கு அது உண்மை, பல சமயம் உண்மையான வலியும்கூட. கேட்பவருக்கோ வரியும் விசாவும் அப்படியே இருக்கின்றன. 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். எங்கள் அணியில் யார் அங்கே போவது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை நான் விழுங்கியதற்குப் பண்பாடு காரணமில்லை.

அப்படியென்றால் தனிமனித நல்லெண்ணம் வீணா? நாவல் அப்படிச் சொல்லவில்லை. அடெலா நீதிமன்றத்தில் ஏறி, தன் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறாள். 'நான் மற்ற ஆங்கிலேயர்கள் மாதிரி இல்லை' என்று அவள் அஸீஸிடம் சொல்லியிருந்தால் அதற்குச் செலவே இல்லை. நீதிமன்றத்தில் சொன்னதற்குத் தன் கூட்டத்தையும் நடக்கவிருந்த கல்யாணத்தையும் விலையாகக் கொடுத்தாள். லீனும் இந்தக் காட்சியைக் குறைவில்லாமல் எடுத்திருக்கிறார். படத்தின் உச்சம் அதுதான், காஷ்மீர் அல்ல.

மேலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார், திருப்பூர்க்காரரோடு வாதாடியிருப்பார். இருவருக்கும் இடையே நடந்திருக்கக்கூடிய ஒரே நிஜமான பேச்சு அதுதான். குன்னூரில் இறங்கும்போது இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் படம் எடுத்துக் கொடுத்தேன். லீன் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.