திரையில் உடுத்தும் சேலை: சக்கம்பட்டித் தறிக்கு என்ன பயன்?

பருத்திச் சேலை வாங்க வரும் பெண் கடையில் முதலில் மடிப்பைப் பிரிக்கிறார். முந்தியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். நூல் நைஸா, முரடா, கஞ்சி எவ்வளவு ஏறியிருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடும். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பது அதற்கு அடுத்த வேலை. இணையக் கடைகள் இப்போது வேகமாகக் கொண்டுவரும் வர்ச்சுவல் ட்ரை-ஆன், அதாவது உடையை வாங்கும் முன்பே திரையில் உடுத்திப் பார்க்கும் வசதி, இந்த இரண்டாவது வேலையை மட்டும் செய்து தருகிறது. தைத்த உடை விற்பவருக்கு அதனால் வரும் நன்மை உண்மையானது. ஆனால் தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் போன்ற நெசவு ஊர்களின் சேலையை முன்னால் வைத்துப் பார்த்தால் அதன் எல்லை தெளிவாகத் தெரிகிறது. துணியைப் பற்றிய உண்மை விவரம் கூடவே வராதபோது, இந்த வசதி வாங்குபவரின் ஏமாற்றத்தைத் தடுப்பதில்லை. பார்சல் பிரிக்கும் நாள்வரை தள்ளிப்போடுகிறது.

இந்த வசதியில் மூன்று வகை உண்டு. கேமராவில் தெரியும் முகத்தின் மீதோ காலின் மீதோ பொருளின் உருவத்தைப் பொருத்திக் காட்டுவது முதல் வகை. லென்ஸ்கார்ட்டில் மூக்குக்கண்ணாடியைப் பார்ப்பது இப்படித்தான்; அமேசான் 2022-இல் காலணிக்கு இதைக் கொண்டுவந்தது. உடலின் அளவுகளை வைத்து முப்பரிமாண உருவம் ஒன்றைச் செய்து, அதன்மேல் துணி எப்படி விழும் என்று கணக்கிட்டுக் காட்டுவது இரண்டாவது வகை. ஆளின் படத்தையும் உடையின் படத்தையும் கொடுத்தால், அந்த ஆள் அந்த உடையில் நிற்பதுபோலச் செயற்கை நுண்ணறிவு புதிதாக ஒரு படம் வரைந்து தருவது மூன்றாவது வகை. இன்று பரவுவது பெரும்பாலும் இதுதான். கூகுள் 2023 ஜூனில் அமெரிக்காவில் பெண்களின் மேலாடைகளுக்கு இதைத் தொடங்கியது. பல உடல்வாகும் பல தோல்நிறமும் கொண்ட மாடல்களில் ஒருவரை வாங்குபவர் தேர்ந்துகொண்டார். 2025-இல் தன் படத்தையே ஏற்றிப் பார்க்கும் நிலை வந்தது. வால்மார்ட் 2021-இலேயே இந்தத் துறையில் இருந்த ஸீகிட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை விலைக்கு வாங்கிவிட்டது.

பெரிய நிறுவனங்கள் இதில் பணம் போடுவதற்குக் காரணம், திரும்பி வரும் சரக்கு. அமெரிக்கச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் 2024-இல் விற்ற பொருள்களில் 16.9 விழுக்காடு, அதாவது 89,000 கோடி டாலர் பெறுமானமுள்ளவை, கடைக்கே திரும்பின. உடை வணிகத்தில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். எது பொருந்தும் என்று தெரியாமல் இரண்டு அளவுகளை வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. போக வர லாரிச் செலவு, மறுபடி மடித்துக் கட்டும் கூலி, கசங்கியதால் விலை குறையும் நட்டம் எல்லாம் விற்றவர் தலையில்தான் விழும். வாங்கும் முன்பே ஐயத்தில் பாதி தீர்ந்தால் இருவருக்கும் நல்லதே. அதே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்த வாதம் நன்றாகவே பொருந்தும். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டபின் தேனிக்கு ரயில் திரும்பியது 2022-இல், போடிக்கு 2023-இல். கம்பத்துக்கும் கூடலூருக்கும் இன்றும் ரயில் இல்லை. கல்யாண ஜவுளிக்கு மதுரை போய் வர ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போகும். மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கோ, ஏலக்காய்க் காட்டு வேலைக்குக் குமுளி தாண்டிப் போய்வரும் பெண்ணுக்கோ, கடைத்தெரு கைப்பேசிக்குள் வருவது வசதி மட்டுமல்ல, கௌரவமும்கூட. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் 'எனக்கு எடுப்பாக இருக்குமா' என்பதும் 'எனக்குச் சேருமா' என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். படம் வரையும் வகை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. 38 அங்குலச் சட்டையையும் 42 அங்குலச் சட்டையையும் அது ஒரே ஆள்மேல் ஒரே அழகாக வரைந்துவிடும். அக்குளில் பிடிக்குமா, தோள் இறங்குமா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல உடலின் அளவும் உடையின் அளவும் வேண்டும். ஜப்பானின் ஸோஸோ நிறுவனம் 2018-இல், புள்ளிகள் பதித்த இறுக்கமான உடை ஒன்றை வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பி, கைப்பேசியில் படமெடுத்து உடலை அளக்கும் திட்டத்தை அறிவித்தது. எண்ணம் சரியானது, செலவு தாங்காமல் பின்னர் அதைச் சுருக்கிக்கொண்டது. இந்தியாவிலோ சட்டைக் காலரில் இருக்கும் 'எம்', 'எல்' எழுத்துகளுக்கு இந்திய உடலை அளந்த பொது அடிப்படையே இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைப் போக்கத்தான் ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு நிஃப்ட் என்னும் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியாசைஸ்' ஆய்வை எடுத்துக்கொண்டது. அடிப்படை அளவே உறுதியாகாத சந்தையில், கண்ணைக் கவரும் படம் பொருத்தத்துக்கு உத்தரவாதமாகிவிடாது.

சேலைக்கு வந்தால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. சேலைக்கு எம், எல் இல்லை என்பதால், அளவுத் தவறைக் குறைப்பது என்ற பெரிய லாபம் இங்கே முதலிலேயே போய்விடுகிறது. ஆனால் சேலைக்கு நீளமும் அகலமும் உண்டு. ஐந்தரை மீட்டர் சேலை ஒல்லியான பெண்ணுக்கு ஏழு கொசுவம் தரும். கனத்த உடம்புக்கு நான்கோடு நின்றுவிடும், முந்தியும் குட்டையாகும். அகலம் குறைந்தால் உயரமான பெண்ணுக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். படம் வரையும் கருவி துணியை மீட்டர் போட்டு அளப்பதில்லை. தான் பார்த்துப் பழகிய படங்களைப் போல நம்பத்தக்க ஒன்றை வரைகிறது. அதனால் எந்த உடலுக்கும் அது நிறைவான கொசுவத்தை வரைந்துவிட முடியும், துணி அதற்குப் போதாவிட்டாலும். இந்தத் துறையின் முன்னோடி ஆய்வுகளில் ஒன்றான 2018-ஆம் ஆண்டின் 'விட்டான்', நேரே நிற்கும் பெண்களையும் அவர்களின் மேலாடைகளையும் சேர்த்த ஏறத்தாழ 16,000 பட இணைகளைக் கொண்டு கட்டப்பட்டது. சட்டையில் வளர்ந்த கலையைச் சேலைக்குக் கொண்டுவரும்போது வருவதுதான் இந்தக் கொசுவப் பிழை. பருத்திச் சேலையின் மற்றக் குணங்கள் படத்துக்குள் வருவதே இல்லை. 80-ஆம் நம்பர் நூலா, 100-ஆம் நம்பர் நூலா, கஞ்சியோடு விறைப்பாக நிற்கும் புதுச்சேலை இரண்டு சலவைக்குப் பின் எப்படித் துவளும், சாயம் போகுமா, வைகாசி வெயிலில் வியர்வையை வாங்குமா என்பவைதான் அதை உடுத்துபவரின் கேள்விகள்.

இதன் விளைவு தறிக்காரரைத் தொடும். கண்ணுக்குத் தெரிவது மட்டுமே போட்டியிடும் சந்தையில், கைத்தறிப் பருத்தியும், விசைத்தறிப் பருத்தியும், அதே கோலத்தை அச்சடித்த பாலியஸ்டரும் ஒரே வரிசையில் நிற்கும். வரைந்த படத்தில் மூன்றும் ஒரே அளவு அழகு. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். வித்தியாசத்துக்கான காரணம் நூலிலும் உழைப்பிலும் இருக்கிறது, அதைத் திரை காட்டவில்லை என்றால் மலிவானது ஜெயிக்கும். இந்த ஆபத்து புதிதல்ல. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய சட்டம் 1985-இல் வந்ததும், 2006-இல் கைத்தறி முத்திரை வந்ததும், 2015 ஆகஸ்ட் 7-இல் சென்னையில் 'இந்தியா ஹேண்ட்லூம்' அடையாளம் தொடங்கப்பட்டதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டத்தான். விசைத்தறித் தொழிலாளிக்கும் இது பொருந்தும்: நல்ல பருத்தியில் நெய்த அவருடைய சேலையும் பாலியஸ்டரோடு ஒன்றாகக் கலந்துபோகும். இத்தனை ஆண்டுகள் முத்திரையும் சட்டமும் போட்டுக் காப்பாற்ற முயன்ற வேறுபாட்டை, புதுக் கருவி ஓசையில்லாமல் அழித்துவிடக் கூடாது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. தொழில்நுட்பம் வளரும், இன்றைய குறையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது ஒன்று. வளரும் என்பது சரி. துணியின் எடை, வளையும் தன்மை, உராய்வு ஆகியவற்றைக் கருவியால் அளக்கும் முறையை ஜப்பானின் பேராசிரியர் கவபாட்டா 1970-களிலேயே உருவாக்கிவிட்டார். அத்தகைய அளவுகளைக் கொடுத்தால் துணி விழும் விதத்தைக் கணினியால் நன்றாகவே கணிக்க முடியும். ஆனால் கொடுக்க வேண்டியது துணியின் விவரம். ஆக, தொழில்நுட்பம் வளர வளர விவரத்தின் தேவை கூடுமே தவிரக் குறையாது. கடையிலும்தான் விளக்கொளியில் நிறத்தை மாற்றிக் காட்டி விற்கிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான், ஆனால் கடையில் சந்தேகப்படும் பெண் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். திரையில் அந்த வாசல் இல்லை. மூன்றாவதுதான் கனமானது: மாடலை வைத்துப் படமெடுக்க வசதியில்லாத சிறு நெசவாளர் சங்கம், ஒரு சேலையைத் தரையில் விரித்துப் படமெடுத்து, பத்து நிறத்திலும் உடுத்திக் காட்ட இந்தக் கருவி உதவுமே? உதவும். சிறு விற்பனையாளருக்கு இது பெரிய கதவைத் திறக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே கதவு போலி விற்பவருக்கும் திறந்திருப்பதால்தான் விவரத்தை வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

உடுத்துபவரின் உடலும் இதில் இருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கணினி நிரல்களை 2018-இல் ஆராய்ந்த 'ஜெண்டர் ஷேட்ஸ்' ஆய்வு, வெளிர்நிற ஆண்களிடம் 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகாத பிழை, கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனதைக் காட்டியது. வேறு வேலைக்கான நிரல்கள் அவை என்றாலும், யாருடைய படங்களைக் காட்டிப் பழக்குகிறோமோ அவர்களுக்கே கருவி நன்றாக வேலை செய்யும் என்ற பாடம் இங்கும் செல்லும். மாநிறப் பெண்ணைச் சற்றே வெளுப்பாக வரைந்து 'இந்த மாம்பழ மஞ்சள் எடுப்பாக இருக்கிறது' என்று காட்டும் கருவி, நிறத்திலும் பொய் சொல்கிறது, அவர் மனத்தையும் காயப்படுத்துகிறது. தன் முழு உருவப் படத்தை ஒரு செயலியிடம் கொடுக்கச் சின்ன ஊர்ப் பெண் தயங்கினால் அது அறியாமை ஆகாது. படங்கள் எப்படித் திரிக்கப்படுகின்றன என்று பார்த்து வந்த எச்சரிக்கை அது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் இல்லாமல் தரவைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த வகை செய்கிறது. படத்தைக் கடைக்காரர் சேமிக்கிறாரா, எப்போது அழிப்பார் என்பதைத் தமிழில், பொத்தானுக்குப் பக்கத்திலேயே சொல்வது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு ஏற்ற நடைமுறை.

இன்னொரு சட்டமும் கைவசம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன குணம் பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. திரையில் உடுத்திக் காட்டும் படத்தை விற்பவர் தரும்போது அதையும் விளம்பரமாகவே கொள்வதுதான் நியாயம். அப்படிக் கொண்டால் கொசுவம் போதாத சேலைக்கும் நிறம் மாறிய சேலைக்கும் பொறுப்பு விற்பவருடையது. அந்தப் பொறுப்பைத் தாங்கும் வழியும் எளிது. நூல் நம்பர், கிராமில் எடை, ரவிக்கைத் துணி நீங்கலாக நீளம், அகலம், கைத்தறியா விசைத்தறியா, சாயத்துக்கான சலவைக் குறிப்பு ஆகிய ஆறு விவரங்களையும், பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும் ஒவ்வொரு சேலையின் பக்கத்திலும் போட வேண்டும். வரைந்த படத்தின் மேலேயே 'இது வரைந்த படம்' என்று எழுத வேண்டும். நூல் வாங்கிப் பாவு ஓட்டும் சங்கத்திடம் இந்த விவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன; புதிதாக ஆய்வகம் தேவையில்லை. 1935 முதல் நெசவாளர் சரக்கை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸ் இதைத் தன் இணையக் கடையில் முதலில் வழக்கமாக்கினால், தனியார் தளங்களையும் கேட்க வாடிக்கையாளருக்குத் துணிவு வரும். இந்த வரிசையில் செய்தால் திரைக் கண்ணாடியை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. துணியின் உண்மை முதலில் வரட்டும், அழகு அதன்பின் வரட்டும். அப்போதுதான் கம்பத்தில் வாங்குபவரும் சக்கம்பட்டியில் நெய்பவரும் ஒரே படத்தை நம்ப முடியும்.