ஸ்டார்ட் மட்டும் பெட்ரோலில்

யாழ்ப்பாணத்திலிருந்து மும்பைக்கு வந்திருந்த என் சம்பந்தி கெட்டவர் இல்லை. மொரட்டுவையில் இலங்கை-ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படித்தவர். கொக்குவிலில் நெடுங்காலம் சொந்தமாகக் கராஜ் நடத்தியவர். மாட்டுங்காவில் சாம்பார் இனிக்கிறது என்பதைக்கூட மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என் வேகன் ஆர் செம்பூரில் மேம்பாலம் ஏறும்போது விக்கியதும் அவர் சொன்னது மட்டும் இறங்கவே இல்லை. “உங்கட ஆக்கள் தட்டிப்போட்டு ஓடவிடுறதில கெட்டிக்காரர். திருத்துறது வேற வேலை.”

பெண் கொடுத்த வீட்டார் வாயை அடக்கித்தான் இருக்க வேண்டும். எழுத்தில் அந்த அடக்கம் தேவையில்லை.

காரின் கோளாறு எளியது. பெட்ரோலில் ஓடும்போது விக்கும், சி.என்.ஜி.க்கு மாறியதும் ஒழுங்காக ஓடும். மும்பையில் பல கார்களுக்கு இருக்கும் நோய் இது. 2000களின் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுகளை ஒட்டி டாக்சிகள் வாயுவுக்கு மாறின. பிறகு பெட்ரோல் விலையைப் பார்த்து வீட்டுக் கார்களும் மாறின. இந்தக் கார்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் கொஞ்சம் சூடானதும் வாயுவுக்குத் தாவிவிடும். பெட்ரோல் இன்ஜெக்டர்களுக்கு நாளெல்லாம் சேர்த்துச் சில நிமிட வேலைதான். மிச்ச நேரம் இன்ஜின் சூட்டில் சும்மா வேக வேண்டும். பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே இன்ஜெக்டரைக் குளிர்விக்கும். இங்கே அதுவும் இல்லை. டேங்கில் இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் ஊற்ற எங்களுக்கு மனசும் வராது. அந்தக் கொஞ்சமும் மாதக்கணக்கில் கிடந்து பழசாகிப் பிசினாக ஊசிமுனையில் படியும். பிறகு ஓர் இன்ஜெக்டர் குறைவாகத் தெளிக்கும், இன்னொன்று சரியாக மூடாமல் சொட்டும்.

ஆகவே காரைத் தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு கேரேஜுக்கு ஓட்டினேன். சம்பந்தியும் கூடவே வந்தார், தட்டுவதைப் பார்க்கத்தான்.

அந்த ஃபிட்டரின் குடும்பம், எங்கள் குடும்பத்தைப் போலவே, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தது. அவருடைய அப்பா ஃபியட் டாக்சிகளில் கை பழகியவர். குர்லாவிலிருந்த பிரீமியர் தொழிற்சாலையில் செய்த பத்மினிகள் அவை. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29இல். 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு அவை தெருவை விட்டுப் போயின. அந்தக் காலத்துக் கார்புரேட்டரைத் தெருவோரத்திலேயே கழற்றி, ஜெட்டை வாயால் ஊதி, திரும்ப மாட்டிவிடலாம். சம்பந்தி மனசில் இருந்த இந்திய மெக்கானிக் அந்த ஊதும் ஆள்தான். இவர் ஊதவில்லை.

முதலில் ஃபியூல் பம்பின் ரிலேயைப் பிடுங்கினார். இன்ஜினை ஓடவிட்டு, ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாயில், இருந்த பெட்ரோல் தீர்ந்து அதுவாக நிற்கும்வரை காத்திருந்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். பிறகு, பலர் தாண்டிப் போகும் ஒரு வேலையைச் செய்தார்: இன்ஜெக்டர் உட்காரும் குழிகளைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை விரட்டினார். மும்பையின் மெட்ரோ வேலைப் புழுதி அங்கே ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். ரெயிலைத் தூக்கிய பிறகு அந்த மண் உள்ளே விழுந்தால் நேராக சிலிண்டருக்குத்தான் போகும். ரெயிலின் போல்ட்டுகளை மாற்றி மாற்றித் தளர்த்தி, மூன்று இன்ஜெக்டர்களோடு அதை நேர்மேலே தூக்கினார். நெம்பவில்லை. குழிகளைப் பஞ்சு விடாத துணியால் மூடினார்.

இன்ஜெக்டர்கள் குர்லாவுக்குப் போயின. அங்கே அல்ட்ராசோனிக் தொட்டியில் குளித்து, கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும் பெஞ்சில் தெளித்துக் காட்டின. இரண்டு தேறின. ஒன்று குளித்த பிறகும் சொட்டியது. இங்கேதான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன.

சம்பந்தி யோசிக்காமல் சொன்னார்: “ஜப்பான் சாமான் ஒண்டு வாங்கிப் பூட்டுங்கோ.” அவர் ஊரில் ‘பூட்டுவது’ என்றால் மாட்டுவது. கராஜ் முழுக்கக் கழட்டிப் பூட்டிக்கொண்டேயிருப்பார்கள். எங்கள் ஃபிட்டருக்கு ஒரு கணம் காரின் கதவு நினைவுக்கு வந்தது முகத்தில் தெரிந்தது. ஜப்பான் சாமான் என்பது ஜப்பானில் ஓடி ஓய்ந்த காரிலிருந்து கழற்றியது. இலங்கைத் தெருக்களில் ஓடும் ஜப்பான் கார்களில் பல ரீகண்டிஷன் என்ற பெயரில் கப்பலேறி வந்த பழைய வண்டிகள். கூடவே முன்பக்கத்தை மட்டும் அறுத்தெடுத்த ‘ஹாஃப் கட்’களும் வரும். ஒரு விட்ஸ் காரின் இன்ஜெக்டர் வேண்டுமென்றால் இன்ஜினோடு, ரெயிலோடு, ஒயரிங்கோடு கிடைக்கும். கழற்றியது ஜப்பான்காரன் என்பதால் அதற்கு ஒரு மதிப்பு. புதிய இந்தியச் சாமானைவிட ஓடிய ஜப்பான் சாமான் மேல் என்பது அங்கே கிட்டத்தட்ட மதம்.

இதை எப்படி ஒப்புவது? உங்கள் ஊரில் ஓடும் ஆல்ட்டோவும் மாருதி 800உம் எங்கள் நாட்டில் பிறந்தவை, ஆட்டோக்கள் பஜாஜ், பெட்ரோல் செட்டுகளில் ஒரு பகுதி இந்தியன் ஆயிலின் லங்கா கிளை என்று நானும் அடுக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதுதான் அடிக்கடி திருத்த வேண்டிவருது” என்றார்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு நானும் போயிருக்கிறேன். மருதானைப் பக்கம், உதிரிப்பாகத்துக்குப் பேர்போன இடம். பெரிதாகச் சொல்கிறார்களே தவிர, எங்கள் குர்லா சி.எஸ்.டி. ரோட்டின் முன் அது நிற்காது. நான் போனது போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாள் என்பதால் நிறையக் கடைகள் அடைத்திருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடைத்த கதவுகளின் நீளத்தை வைத்தே ஒரு தெருவை எடை போடலாம். சி.எஸ்.டி. ரோட்டில் எந்தக் காரின் எந்த உறுப்பும் கிடைக்கும். புதுசு வேண்டுமென்றால் ஆபரா ஹவுஸ் பக்கத்துக் கடைகள். டூப்ளிகேட் உண்டா என்றால் உண்டு, மறுக்க மாட்டேன். அதனால்தான் எங்கள் ஃபிட்டர் புது இன்ஜெக்டர் வந்ததும் பெட்டியை நம்பாமல் மல்டிமீட்டரில் ஓம் பார்த்தார். பழையவை காட்டிய அளவையே புதிதும் காட்டியது. அதையும் தேறிய இரண்டோடு பெஞ்சில் சேர்த்து ஓடவிட்டு, மூன்று குழாயிலும் ஒரே மட்டத்துக்குத் திரவம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பினார். மூன்றில் ஒன்று மட்டும் கூடுதலாகத் தெளித்தால் புது இன்ஜெக்டரே புது நோய்.

பிறகு ஓ ரிங். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. இன்ஜெக்டரின் மேல் முனையில் ஒன்று, ரெயிலுக்குள் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோலைத் தடுக்க. கீழ் முனையில் ஒன்று, மேனிஃபோல்டுக்குள் கள்ளக் காற்று நுழையாமல் இருக்க. மேலே கசிந்தால் தீ. கீழே கசிந்தால் ஐடிலிங் ஆடும், காரணம் தெரியாமல் ஆறு பேர் ஆறு பாகத்தை மாற்றுவார்கள். கழற்றிய ரிங் தட்டையாகியிருக்கும், திரும்பப் போடக் கூடாது. எந்த கேஸ்கெட் பசையும் அதைக் காப்பாற்றாது. பசை கரைந்து இன்ஜெக்டர் வாயைத்தான் அடைக்கும்.

ஃபிட்டர் ‘வைட்டான்’ ரிங் கேட்டு வாங்கினார். இங்கே பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களின் ரப்பர்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. மட்டமான நைட்ரைல் ரிங்குகள் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பழுப்பு நிறமாக இருந்தால் வைட்டான் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. நிறத்தை வைத்து நம்ப முடியாது, தெரிந்த கடையில் வாங்குவதுதான் வழி. 92, 95 என்று ஆக்டேன் மட்டும் பார்த்துப் பெட்ரோல் அடித்துப் பழகிய சம்பந்திக்கு இந்தக் கவலை புதிது. முதன்முறையாகக் குனிந்து பார்த்தார்.

ரிங்கில் சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, இன்ஜெக்டரை லேசாகத் திருகிக்கொண்டே ரெயிலுக்குள் ஏற்றினார் ஃபிட்டர். ஏற்றிய பிறகு விரலால் சுழற்றிக் காட்டினார். “பாருங்க அண்ணாச்சி, இது சுத்தணும். சுத்தலேன்னா உள்ள ரிங் மடங்கிட்டுன்னு அர்த்தம்.”

“அது சரி,” என்றார் சம்பந்தி. “ஆனா கீழ இருக்கிற றப்பரையும் மாத்தவேணும். நாங்கள் செட்டாத்தான் மாத்துவம். போல்ட்டுக்கு டார்க் ரென்ச் எங்க?”

டார்க் ரென்ச் பெட்டியில் இருந்தது, வெளியே வரவில்லை. மணிக்கட்டே அளவு. இந்த இடத்தில் இலங்கை ஒரு படி மேல் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்; அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டை மணிக்கட்டை நம்பி இறுக்கக் கூடாதுதான். ஆனால் அந்த மணிக்கட்டுக்கு முப்பது வருட அனுபவம். கீழ் ரப்பரை அவர் சொன்னபடி மாற்றினோம், காசு என்னுடையது.

ரெயிலை இறக்கி, போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கி, பேட்டரியும் ரிலேயும் சேர்த்தபின் உடனே ஸ்டார்ட் அடிக்கவில்லை. சாவியை மட்டும் நாலைந்து தடவை ஆன் செய்து ஆஃப் செய்தார். ஒவ்வொரு தடவையும் பம்பு சில நொடி முனகி ரெயிலில் அழுத்தம் ஏற்றும். டார்ச்சும் வெள்ளைக் காகிதமுமாக ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பெட்ரோல் வாடை பிடிப்பதில் எங்களை மிஞ்ச ஆள் வேண்டும். செம்பூரை ஒட்டிய மாகுலில் 1950களிலிருந்து இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. செம்பூர்க்காரனின் மூக்கு அதில் வளர்ந்தது.

அன்று மாலைதான் சம்பந்தி கொஞ்சம் இறங்கிப் பேசினார். 2020இல் வாகன இறக்குமதி நின்று, டாலர் தட்டுப்பாட்டில் சாமானும் அருகி, 2022இல் பெட்ரோலுக்கு க்யூஆர் கோடுடன் வரிசையில் நின்ற காலத்தில், பழைய ரிங்கைச் சுடுதண்ணீரில் போட்டுத் திரும்பப் பூட்டியவர்களை அவருக்குத் தெரியும். யாரென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கும் முன்னால் 90களில், போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் போகத் தடை இருந்த வருடங்களில், அவர்கள் ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இன்ஜின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதனால் கார்புரேட்டருக்குச் சில சொட்டுப் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒரு சின்னப் போத்தல் பெட்ரோல் மாதக்கணக்கில் வரும். அந்தப் போத்தலை வீட்டில் எங்கே ஒளித்துவைத்தார்கள் என்பது அவர் சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது.

ஸ்டார்ட் மட்டும் பெட்ரோலில், ஓட்டம் வேறொன்றில். எங்கள் வேகன் ஆர் செய்வதும் அதைத்தானே என்று எனக்குப் பட்டது. அவர்களுக்கு அது முற்றுகையால் வந்தது, எங்களுக்கு நீதிமன்றத்தாலும் விலையாலும் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. கார்புரேட்டர் அந்த வாழ்க்கையைப் பொறுத்துக்கொண்டது. இன்ஜெக்டர் பொறுக்காது, அதற்கு அவ்வப்போது பெட்ரோல் ஓட வேண்டும். டேங்கைப் பாதியாவது நிரப்பி வாரத்தில் ஒரு நாள் பெட்ரோலில் ஓட்டும்படி ஃபிட்டர் சொன்னபோது, சம்பந்தி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். திருநெல்வேலிக்குப் போனால் நான் பம்பாய்க்காரன், இங்கே மதராசி, அவர் கணக்கில் இந்தியாக்காரன். அன்று சாயங்காலம் மட்டும் அவர் என்னைக் கார்க்காரனாக நடத்தினார்.

நேரடி இன்ஜெக்ஷன் விஷயத்தில் மட்டும் அவர்கள் முந்திவிட்டார்கள். ஹோண்டா வெசல் ஹைபிரிட் அங்கே தெருவுக்குத் தெரு நிற்கிறது. அதில் இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும், அழுத்தம் 100 பாரைத் தாண்டும், முனையில் ரப்பருக்குப் பதில் டெஃப்லான் வளையம். அதைக் கூம்பு வைத்து விரித்து ஏற்றி, பிறகு அளவுக் குழாயால் அழுத்தி இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிது. சம்பந்தியின் பழைய கராஜில் இன்று வேலை செய்யும் பையன்களுக்கு அது சாதாரணம். எங்கள் ஊரில் அந்த வேலையைக் கம்பெனி ஷோரூம்கள் வெளியே விடுவதில்லை. ஆனால் 2019இல் வந்த வென்யூ, செல்டோஸ் டர்போக்களுக்கு உத்தரவாதம் தீர்ந்துவருகிறது. ஷோரூம் சொல்லும் விலையைக் கேட்டுத் திகைத்த சிலர் ஏற்கெனவே 90 அடி ரோட்டில் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஃபிட்டர் அந்தக் கூம்புக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்.