சொல்லாது விடப்பட்ட பழுவூர்

அரியலூர் வழியாக ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குச் செல்லும் திருப்பயணிகள் கீழப்பழுவூரைக் கடந்தே செல்கின்றனர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்க்கு அவ்வூர்ப் பெயர்ப்பலகை ஒன்றே போதும். பழுவேட்டரையரும் நந்தினியும் நினைவில் எழுந்து நிற்பர். அக்கதை 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபின் படியாதவர்க்கும் இந்நிலையே. நந்தினி யார் பெற்ற மகள், கடைசியில் என்ன ஆனாள் என்ற கேள்விகள் இன்றும் ஓயவில்லை. நந்தினியோ கற்பனைப் பெண். பழுவூரில் மெய்யாகவே பிறந்து சோழ அரசியான ஒருத்தி உண்டு. அவளைப் பற்றிக் கேட்பார்தாம் இல்லை.

வரலாறு தரும் செய்தி இது. பழுவேட்டரையர் சேர நாட்டு வழியினர். கீழப்பழுவூர் ஆலந்துறைக் கோயிலைப் பாடிய சம்பந்தரே அங்கு வழிபட்ட மலையாளரைக் குறிப்பிடுகிறார். அக்குலத்துக் கண்டன் அமுதனார் முதற்பராந்தகனுக்காக வெள்ளூர்ப் போரில் நின்றவர். பராந்தகன் பழுவூர்க் குலமகளை மணந்தான். அவள் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன் என்று அன்பில் செப்பேடு கூறுகிறது. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவன் பிள்ளைகளே ஆதித்த கரிகாலனும் குந்தவையும் அருண்மொழியும்.

இனிப் புதினத்தை நோக்குவோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சதி நடக்கிறது. சுந்தர சோழரின் மக்களை விலக்கி மதுராந்தகனுக்கு முடிசூட்ட முன்நிற்பவர் பெரிய பழுவேட்டரையர். அதாவது, தம் குலமகள் வழி வந்த பேரப்பிள்ளைகளின் உரிமையைத் தாமே பறிக்க முற்படுகிறார் அக்கிழவர்! இரு குலங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு என்று கல்கி ஓரிடத்தில் சொல்லிப் போகிறாரேயன்றி, இம்முரணை ஒரு கதைச்சரடாக வளர்க்கவில்லை. வளர்த்திருந்தால், அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய அம்மனிதரின் வீழ்ச்சி நம்மை இன்னும் ஆழமாக உலுக்கியிருக்கும். மோகத்தால் மதியிழந்த முதியவராக மட்டும் அவரைக் காண்பது நமக்கு நிறைவளிக்கவில்லை. இது இழப்பே எனக் கருதுகிறோம்.

ஆயினும், விடப்பட்டவை அனைத்தும் இழப்பல்ல. கல்கி தம் தொடரை முடித்த அதே 1954இல்தான் இங்கிலாந்தில் டோல்கீன் தம் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் மாயப் புனைவின் முதற்பகுதியை வெளியிட்டார். அவரும் கத்தோலிக்கர். அக்கதைக்குப் பின்னால் பல்லாண்டுகளாக அவர் எழுதிக் குவித்த தொன்மங்களில் பெரும்பகுதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1973இல் அவர் இறந்தபின், 1977இல் 'சில்மரில்லியன்' என்ற நூலை மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்டார். தூரத்தே தெரியும் தீவுபோல் அப்பின்புலம் எட்டாமல் நிற்பதில்தான் கதையின் கவர்ச்சி உள்ளது, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மயக்கம் கலைந்துவிடும் என்ற அச்சம் டோல்கீனுக்கே இருந்தது.

கல்கியிடமும் இத்தகைய தீவு ஒன்று உண்டு. அது ஆதித்த கரிகாலனின் கொலை. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய துரோகிகளின் உடைமைகள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. கல்லே மௌனம் காக்கும் இடத்தில் கல்கியும் உறுதியான விடை தராமல் விளக்கை அணைத்துவிட்டார். ஐந்து பாகங்களிலும் இதுவே அவர் கலையின் உச்சம்.

வாசகர்கள் விடவில்லை. கதை திடீரென முடிந்தது எனக் குறைபட்டனர். பாத்திரங்களின் பிற்காலம் பற்றிக் கேட்டனர். முடிவுரை ஒன்றை எழுதி அவர் விடையளித்தார். அன்பால் செய்த செயல்தான். எனினும் அப்பக்கங்களில் கதைஞரின் குரல் குறைந்து கணக்குத் தீர்ப்பவரின் குரல் மிகுகிறது. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் மறைந்தார். பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரனின் 'உடையார்' இராசராசனின் பிற்காலத்திற்குச் சென்றது.

இடைவெளியை நிரப்பும் இந்த ஆவல் நமக்குப் புதிதன்று. இயேசு செய்த அனைத்தையும் எழுதப்புகுந்தால் உலகே கொள்ளாது என்று யோவான் தம் நற்செய்தியை முடித்த பின்பும், குழந்தை இயேசு களிமண்ணில் குருவிகள் செய்து பறக்கவிட்டார் எனத் தோமாவின் பெயரால் ஒரு நூல் எழுந்தது. திருச்சபை அதனை ஏற்கவில்லை. அதில் அற்புதம் மிகுதி, மனிதம் குறைவு. மறுபுறம், நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரை நாயகராகக் கொண்டு 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சியில் அன்னைக்குக் கோயில் எழுப்பியவரும் அவரே. தோமாவின் பெயர்பூண்ட நூல், வாசகர் கேட்டதை அள்ளிக் கொடுத்தது. முனிவர், அமைதியான ஓர் உழைப்பாளியின் வாழ்வு தாங்கக்கூடியது எதுவென அளந்து கொடுத்தார். சிலவிடங்களில் அளவு மீறியது உண்மை. காவிய மரபு அவ்வாறு கேட்டது.

இந்த அளவுகோலால்தான் நாம் நந்தினியையும் பழுவூர் அரசியையும் வேறுபடுத்துகிறோம். நந்தினியின் பிறப்பைத் துலக்குவதால் அவள் சிறுத்துப்போவாள். ஐயமே அவள் உயிர். அரசியின் நிலை வேறு. மணம்செய்து தந்த பிறந்தகத்திற்கும், தன் மகன் அமர்ந்த அரியணைக்கும் இடையே நின்ற பெண் அவள். இக்கதைக்கு மாயக்கண்ணாடியும் வேண்டா, சுரங்கப்பாதையும் வேண்டா. மேலப்பழுவூரை அடுத்த கீழையூரில் அவனிகந்தர்வ ஈசுவர கிருகம் எனும் இரட்டைக் கோயில் அவள் குலத்தாரின் கல்வெட்டுகளோடு இன்றும் நிற்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் சரித்திரக்கதை எழுத விரும்பும் நம் இளைஞர் எவரேனும், நந்தினியை இன்னொருமுறை துரத்துமுன் அங்கே ஒரு பிற்பகல் செலவிடலாம்.