சளி பிடித்த துப்பறிவாளர்

கொஞ்ச நாளாக என் தலைமாட்டில் ஸ்டாக்ஹோம் போலீஸ்காரர் மார்ட்டின் பெக்தான் குடியிருக்கிறார். மாய் ஷோவால், பேர் வாலூ என்ற ஸ்வீடன் இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களின் நாயகர். பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்களாம். எது யாருடையது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

முதல் நாவலான 'ரோசன்னா'வில் கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் சடலம் கிடைக்கிறது. அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. கடிதம், தொலைபேசி, காத்திருப்பு. நடுவே பெக்கின் தீராத சளி, வயிற்று உபாதை, கசந்துபோன இல்லறம். சாகசம் மருந்துக்கும் இல்லை. ஆனாலும் விளக்கை அணைக்க மனம் வருவதில்லை. அலுவலக அலுப்பை இப்படி விறுவிறுப்பாக்கியவர்களை நான் வாசித்ததில்லை.

பிற்பகுதி நாவல்களில் அரசியல் கோபம் சற்றுத் தூக்கல்தான். சில பத்திகளைத் தாண்டிப் போனேன். மாற்றத்துக்கு இடையிடையே எழுத்தாளர் சிமெனோனின் போலீஸ் நாயகர் மெக்ரே. ஒரே மாலையில் முடிந்துவிடுகிற, கொலையாளி மீதும் இரக்கம் வரவைக்கிற கதைகள்.

பெக் வரிசையில் நகைச்சுவையும் உண்டு. 'பூட்டிய அறை'யில் வங்கிக் கொள்ளையரைப் பிடிக்கப் பாயும் போலீஸ் படை, காலி வீட்டில் தங்களுக்குள்ளேயே அடிபட்டுக்கொள்ளும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.