எழுத மறுத்தல்

யந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியோடு ஆலன் டூரிங் 1950-இல் 'மைண்ட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை உரையாடல் வருகிறது. பாலம் ஒன்றைப் பற்றி ஸானெட் எழுதச் சொல்கிறார் கேட்பவர். கவிதை தனக்கு வராது என்று பதில். அடுத்து 34957-ஐயும் 70764-ஐயும் கூட்டச் சொல்கிறார். 30 விநாடி கழித்து வரும் விடை 105621. நூறு குறைகிறது, பாங்குக் குமாஸ்தாவின் கண் அதைத் தாண்டிப் போகாது. பதிலளிப்பது மனிதனா யந்திரமா என்று டூரிங் சொல்லவில்லை. மனிதனாக நடிக்கும் யந்திரம் வேண்டுமென்றே தப்புக் கணக்குப் போடும் என்று பின்னால் எழுதுகிறார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பிசகு அல்ல, மறுப்பு.

உணர்ந்து ஸானெட் எழுதும்வரை யந்திரத்தை மூளைக்குச் சமமாக ஏற்க முடியாது என்று 1949-இல் வாதித்தவர் மூளை அறுவை நிபுணர் ஜெஃப்ரி ஜெஃபர்ஸன். இன்றைய யந்திரங்கள் கேட்ட மாத்திரத்தில் ஸானெட் தருகின்றன. உணர்ந்தா என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை; டூரிங்கின் பதிலும் ஏறக்குறைய அதுவே. கவிஞனிடம் நான் வேறொன்றையும் எதிர்பார்க்கிறேன்: வந்து விழுந்த வரி பொய் என்று தெரிந்தால் அதை அடித்துவிடுவது. அதில் அவனுக்கு நஷ்டம் உண்டு. யந்திரமும் மறுக்கும், மறுக்கச் சொன்னால். அதற்கு இழக்க ஒன்றுமில்லை.

விஷயம் யந்திரத்தோடு முடியவில்லை. கவியரங்கத் தலைப்பு எதுவானாலும் எழுதிக் கொடுப்பவர்களையும் கவிஞர்கள் என்றே அழைத்து வந்திருக்கிறோம். அந்தக் காரியத்தை யந்திரம் இன்னும் சுத்தமாகச் செய்கிறது. அவர்களுக்கும் கவிஞனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதை விமர்சகன் இனித் தட்டிக்கழிக்க முடியாது.