உரையும் நோட்ஸும்

தமிழ்ப் பேராசிரியர்களோடு சிறுபத்திரிகைகள் நடத்திவந்திருக்கும் சண்டை பழையது. 'எழுத்து' காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அவர்களுடைய மேடைப் பேச்சு, நயம் பாராட்டும் நூல்கள், புதுக்கவிதையின் மீது அவர்களில் பலருக்கு இருந்த கோபம் எல்லாவற்றையும் பற்றி வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. இந்தச் சண்டையில் மாணவன் வெறும் பார்வையாளனாகவே நிறுத்தப்பட்டிருக்கிறான். தமிழ் எம்.ஏ. படிக்கும் ஒருவன் அல்லது ஒருத்தி காலையிலிருந்து இரவு வரை இலக்கியம் என்ற பெயரில் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. இலக்கியக் கல்வியின் குணத்தைப் பாடத்திட்டத்தில் தேடுவதைவிட இந்த அன்றாடத்தில் தேடுவதே சரி. ஏனென்றால் பாடத்திட்டம் அப்படியொன்றும் மோசமானதல்ல. தொல்காப்பியம், சங்கப் பாடல்கள், காப்பியங்கள், பக்திப் பாடல்கள், மொழியியல், நாட்டுப்புறவியல், திறனாய்வு, இக்கால இலக்கியம் என்று 2 ஆண்டுகளுக்குள் வைக்கப்பட்டிருப்பவை எந்த மொழியின் மாணவனும் பொறாமைப்படக்கூடியவை. இவற்றுக்கும் மாணவனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

நடப்பது இது. காலையில் முதல் மணி இலக்கணம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சூத்திரத்தை வாசிக்கிறார், பொருள் சொல்கிறார், உதாரணம் சொல்கிறார். மாணவன் எழுதிக்கொள்கிறான். அடுத்த மணி சங்க இலக்கியம். பாடல் ஒருமுறை வாசிக்கப்படுகிறது. அருஞ்சொற்பொருள், பொழிப்பு, திணை, கூற்று, துறை, உள்ளுறை, மெய்ப்பாடு என்ற வரிசையில் பாடல் பிரித்து அடுக்கப்படுகிறது. மாணவன் எழுதிக்கொள்கிறான். மத்தியானம் மொழியியல்: ஒலியன், உருபன், இரட்டை வழக்கு. அதையும் எழுதிக்கொள்கிறான். இடையில் வருகைப் பதிவு, அசைன்மென்ட், அகமதிப்பீட்டுத் தேர்வு, கருத்தரங்க அரங்கின் பின்வரிசை நாற்காலிகளை நிரப்பும் கடமை. விடுதிக்குத் திரும்பினால் மூத்த மாணவர் விட்டுப்போன நோட்ஸ் காத்திருக்கிறது. ஒரு காலத்தில் அது கையால் பிரதி எடுக்கப்பட்டது. பிறகு ஜெராக்ஸ் எடுக்கப்பட்டது. இப்போது கைபேசிக்கே வந்துவிடுகிறது. பிரதி எடுக்கும் சிரமம் குறையக் குறைய, எழுதும்போதாவது கண்ணில் பட்டுக்கொண்டிருந்த மூலவரியும் படாமல் போயிற்று.

இதை மாணவனின் சோம்பல் என்று சொல்வது எளிது, நியாயமல்ல. தமிழ் எம்.ஏ. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர், அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவர்கள். 'தமிழ் படிச்சு என்ன பண்ணப் போறே' என்ற கேள்விக்கு ஒவ்வொரு விடுமுறையிலும் பதில் சொல்லிவிட்டு வருகிறவர்கள். உதவித்தொகை எப்போது வரும் என்று அலுவலக ஜன்னலில் விசாரித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு நோட்ஸ் என்பது வேலைக்குப் போகும் பாதையில் கிடைக்கிற ஒரே உறுதியான படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் வடிவத்தை அவர்கள் தீர்மானிக்கவில்லை. தேர்வு தீர்மானிக்கிறது.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் வரை அதன் மூன்றாம் தாளில் மாணவன் தன் சொந்த வாக்கியங்களில் பதில் எழுத வேண்டியிருந்தது. 2012 ஜூனிலிருந்து அதுவும் நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளாகிவிட்டது. 2018 முதல் தாள்கள் இரண்டு. பாடத்துக்குரிய தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். ஐங்குறுநூற்றில் மருதம் பாடியவர் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். இதை மனப்பாடம் செய்தவனுக்கு விடை நிச்சயம். ஆனால் அம்மூவனாரின் நெய்தலைப் படித்து ஒரு மாலை நேரம் முழுவதும் எதுவும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தத் தாளில் இடமில்லை. நாளைக்கு ஆசிரியராக வரப்போகிறவன் இலக்கியம் பற்றித் தானாக ஒரு வாக்கியம்கூட எழுதிக் காட்டாமலேயே இந்தத் தேர்வில் ஜெயித்துவிட முடியும் என்பதைக் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும்.

ஒரு பாடலைக் கொண்டு இதைப் பார்க்கலாம். குறுந்தொகையின் 40ஆம் பாட்டு அது. செம்மண் நிலத்தில் பெய்த மழை என்ற உவமையால் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அதை எழுதியவரின் பெயர் தெரியாததால் அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். தேர்வில் கேட்கப்படுவது இந்தப் பெயர்க்காரணம்தான். 2 மதிப்பெண். விடை 2 வரியில் முடிந்துவிடுகிறது. பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வகுப்புக்கு வெளியிலோ இந்தப் பாட்டு கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டது. சாதி, உறவு எதுவும் பாராத காதலின் சாசனம் என்று அதற்கு ஒரு பொதுப்பொருள் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் இந்தப் பாட்டின் கீழ் ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. முதல் சேர்க்கைக்குப் பிறகு, இவன் பிரிந்துவிடுவானோ என்று பயந்த பெண்ணின் முகம் மாறுவதைக் கண்டு தலைவன் சொன்னது இது என்கிறது அந்தத் துறைக் குறிப்பு. நோட்ஸில் இதுவும் இருக்கிறது. 'துறை' என்ற தலைப்பின் கீழ் அடங்கிக் கிடக்கிறது. அதை எடுத்துப் பாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தாய்க்குத் தாய் என்ன உறவு, தகப்பனுக்குத் தகப்பன் என்ன முறை, நமக்குள் என்ன பழக்கம் என்று அவன் கேட்கும் மூன்று கேள்விகளும் காதலின் பெருமையாக மட்டும் இனி ஒலிக்க முடியாது. அவளுடைய பயத்துக்குக் காரணங்களே இவைதாம். உறவில்லை, சாட்சியில்லை, பிணை நிற்க ஆளில்லை. அவளுடைய பயத்தையே எடுத்து அவன் அன்புக்கு நிரூபணமாகத் திருப்பித் தருகிறான். நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்பது அவன் வாக்கு. அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று பாட்டு சொல்லவில்லை. அந்த உவமையும் சும்மா இருப்பதில்லை. செம்மண்ணில் விழுந்த தண்ணீர் நிறம் மாறி ஓடிவிடும். மண் இருந்த இடத்திலேயே இருக்கும். இவர்களில் மழை யார், மண் யார்?

இந்த வாசிப்பு சரியா என்பது வேறு விஷயம். துறைக் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல. தொகுத்தவர்களோ பின்னால் வந்தவர்களோ எழுதியவை என்று கொள்ள இடமிருக்கிறது. அப்படியானால் இந்தக் குறிப்பை ஒதுக்கிவிட்டும் பாட்டைப் படிக்கலாம். பொதுப்பொருளே பாட்டுக்கு நியாயம் செய்கிறது என்று ஒரு மாணவன் வாதிக்கலாம். ஆனால் வாதிக்க வேண்டும். துறைக் குறிப்பு எழுதியவன்தான் இந்தப் பாட்டின் முதல் விமர்சகன். தன் கட்சியை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனோடு ஒத்துப்போவதோ சண்டை போடுவதோதான் படிப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, இத்தகைய வாக்குகளைத் தன் ஊரிலும் தெருவிலும் கேட்டிருக்கக்கூடிய ஒருத்திக்கு, இந்தப் பாட்டில் நேராக நுழைய ஒரு வாசல் இருக்கிறது. நோட்ஸ் அந்த வாசலுக்குத் 'துறை' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது.

நோட்ஸை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு. தமிழில் உரை வழியாகப் படிப்பதுதான் மரபு, நோட்ஸும் ஒருவகை உரைதானே என்பது அது. வடிவத்தைப் பார்த்தால் உண்மைபோலத் தோன்றும். பதப்பொருள், கருத்து, இலக்கணக் குறிப்பு எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் உரை மரபின் உயிர் பொழிப்பில் இல்லை, மறுப்பில் இருக்கிறது. சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் உரை எழுதினார். சேனாவரையர் அதே அதிகாரத்துக்கு எழுதியபோது இளம்பூரணரை இடத்துக்கு இடம் நிறுத்தி மறுத்தார். நச்சினார்க்கினியர் வந்து சேனாவரையருக்குப் பதில் சொன்னார். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கம்' என்ற நூலைத் தாக்கி எழுதியதற்கு வைத்த பெயர் 'இலக்கண விளக்கச் சூறாவளி'. அந்த முனிவர் எழுதிய விருத்தியை மறுத்து அரசஞ்சண்முகனார் இன்னொரு விருத்தி எழுதினார். ஒரு சூத்திரத்துக்காகப் பல நூற்றாண்டுகள் நடக்கும் இந்தக் கச்சேரி வேறு எந்தத் துறையில் இருந்தாலும் அதை அறிவுலக வாழ்க்கை என்று கொண்டாடியிருப்பார்கள். நம் வகுப்பில் இது 'உரையாசிரியர்கள்: குறிப்பு வரைக' என்ற 5 மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. யார் எந்த நூலுக்கு உரை எழுதினார் என்பது கேட்கப்படுகிறது. எதற்காகச் சண்டை போட்டார் என்பது கேட்கப்படுவதில்லை. நோட்ஸ் உரையின் வாரிசு அல்ல. உரையிலிருந்து கருத்து வேறுபாட்டை நீக்கிய பிறகு மிஞ்சும் சக்கை.

பாடப்புத்தகம் என்பதாலேயே அது சக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பின்னால் மறைமலையடிகள் ஆன வேதாசலம் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். முல்லைப்பாட்டு மாணவர்களுக்குப் பாடமாக இருந்தபோது 1903இல் அதற்கு ஓர் ஆராய்ச்சியுரை எழுதி வெளியிட்டார். இன்றைய பாஷையில் அதுவும் ஒரு கைடுதான். ஆனால் அந்த கைடு நச்சினார்க்கினியரோடு நேருக்கு நேர் மோதுகிறது. 103 அடிகள் கொண்ட அந்தச் சிறிய பாட்டில் எங்கெங்கோ கிடக்கும் அடிகளை மாட்டு என்ற இலக்கணத்தைச் சொல்லி எடுத்து ஒட்டிப் பொருள் செய்தவர் நச்சினார்க்கினியர். பாட்டு கிடக்கிற வரிசையிலேயே அதற்குப் பொருள் உண்டு, அந்த வரிசைதான் கவிதை என்பது வேதாசலத்தின் கட்சி. பாட்டு என்றால் என்ன என்ற கேள்வியையே மாணவன் முன்னால் போட்டுவிட்டுத்தான் அவர் மேலே போகிறார். அவருடைய பிற்கால நிலைப்பாடுகளில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பரீட்சைக்குப் போகும் பையன் பெரிய உரையாசிரியர் ஒருவரின் முடிவை எதிர்த்து யோசிக்கத் தகுதியுள்ளவன் என்று நம்பி ஒரு தமிழாசிரியர் எழுதினார் என்பது நமக்கு முக்கியம். 

மொழிப் பாடத்திலும் இதே கதைதான். இரட்டை வழக்கு என்பதற்கு இலக்கணம் எழுதும் மாணவன் நாள் முழுவதும் அதற்குள்ளேயே வாழ்கிறான். வீட்டில் ஒரு தமிழ், விடுதியில் நாலு மாவட்டங்கள் கலந்த தமிழ், விடைத்தாளில் யாரும் எங்கும் பேசாத ஒரு தமிழ். வட்டார வழக்கு பற்றிக் கட்டுரை எழுதும்போது தன் அம்மாவின் பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தை உதாரணமாகத் தர அவனுக்குத் துணிவு வருவதில்லை. புத்தகத்தில் இருக்கும் உதாரணத்தையே தருகிறான். வழக்கையும் செய்யுளையும் சேர்த்துப் பார்த்துச் செய்யப்பட்ட நூல் என்றுதான் தொல்காப்பியத்தின் பாயிரம் அந்நூலை அறிமுகப்படுத்துகிறது. அதைப் பாடமாகப் படிக்கிறவனின் வழக்கு மட்டும் வகுப்புக்கு வெளியே நிற்கிறது.

சிறுபத்திரிகைகள் இதில் என்ன செய்தன என்பதையும் கேட்டுவிட வேண்டும். 'பண்டிதர்' என்பதை வசைச்சொல்லாக்கியதில் நம் வட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பண்டிதத்தை ஒதுக்கிய வேகத்தில் உரைகளையும் சேர்த்து ஒதுக்கினோம். சேனாவரையரைப் படிக்காமலேயே தமிழில் விமர்சன மரபு இல்லை என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. கல்வி நிலையத்தைக் கிண்டல் செய்யும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஒரு மாணவன் எடுத்துப் படித்து, பாட்டோடு ஒப்பிட்டு, மறுத்து எழுதக்கூடிய, ஒரே ஒரு பாடலைப் பற்றிய கட்டுரைகளுக்குத்தான் பஞ்சம். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார். தன் பிரசுரங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து கல்லூரிகளுக்குப் போனார். அந்தக் காட்சியைத் தியாகத்தின் உதாரணமாகப் பேசி உருகுவது நம் வழக்கம். அதில் ஒரு கணிப்பும் இருந்தது: தன் வாசகன் கல்லூரியில்தான் இருக்கிறான் என்ற கணிப்பு. 

இதற்கு மாற்று பெரிய கல்விக் கொள்கைகளில் இல்லை. செமஸ்டர் முறையும் நெட் தேர்வும் நாளைக்கே போய்விடப் போவதில்லை. ஆனால் ஒரு செமஸ்டரில் ஒரு வாரம் எந்த ஆசிரியரின் கையிலும் இருக்கிறது. அந்த வாரத்தில் முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 103 அடிகள்தானே. ஒரு பக்கம் நச்சினார்க்கினியர், மறுபக்கம் 1903இன் ஆராய்ச்சியுரை. இரண்டையும் மாணவர்கள் வகுப்பிலேயே வாய்விட்டுப் படிக்கட்டும். யாரும் எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம். வார முடிவில் ஒரே ஒரு கேள்வி: இருவரில் யார் பக்கம் நீ, ஏன்? எந்தப் பக்கம் சொன்னாலும் மதிப்பெண் உண்டு. பக்கமே எடுக்காதவனுக்கு மட்டும் இல்லை. இப்படி ஒரு வாரம் படித்த பத்துப் பேர் ஒரு துறையிலிருந்து வெளியே வந்தால், இந்தப் பக்கங்களில் நாம் எழுதுவதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்வது தவறு என்று கடிதம் எழுத ஆட்கள் கிடைப்பார்கள். இப்போது நமக்கு வரும் கடிதங்கள் சந்தா பற்றியவை.