பாறை இன்னும் நகரவில்லை

பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து சென்னைக்குப் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். பீச் பற்றிச் சொல்வார்கள், சமாதிகள் பற்றிச் சொல்வார்கள். உழைப்பாளர் சிலை? "அங்கதான் சார் இறங்கினேன்" என்பார்கள். நமக்கு அது சிலை இல்லை, ஸ்டாப்பிங்!

அடுத்த தடவை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நான்கு பேர், ஒரு பாறை. அவ்வளவுதான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னை ஓவியக் கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். மனிதர் குஸ்தி பழகியவர் என்பது அந்த முதுகுகளைப் பார்த்தாலே தெரியும். 1959 குடியரசு தினத்துக்கு முதல் நாள் நிறுவினார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள்படும் பெயர். ஆனால் பாறை நகரவே இல்லை! நரம்பு புடைக்க நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள். இதுதான் சிற்பியின் நேர்மை என்பேன். ஜெயித்துவிட்டதாகக் கையை உயர்த்தியிருந்தால் அது போஸ்டர்.

மற்ற சிலைகளின் கதை தெரியுமே. கண்ணகியை 2001-ல் அகற்றி, 2006-ல் திரும்ப வைத்தார்கள். அதே 2006-ல் வைத்த சிவாஜியை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2017-ல் அடையாறுக்கு அனுப்பினார்கள். நம் ஊர்ப்பக்கம் கேட்கவே வேண்டாம், அரசியல் சட்டம் எழுதிய அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். பெயர் உள்ள சிலைக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. சொந்தக்காரர்கள் இருந்தால் எதிரிகளும் உண்டு. இந்த நால்வருக்குப் பெயரில்லை. அதனால் கூண்டும் இல்லை, இடமாற்றமும் இல்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. நான்கு பேரில் ஒரு பெண்கூட இல்லை. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளில் தலைச்சுமை தூக்குகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது உறுத்துகிறது.

இன்னொன்று. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். சிலை அங்கே நிற்பது பொருத்தம். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிறவர், நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற முச்சந்தியில் இப்படி ஒன்று இருக்கிறதா? அவர் அண்ணாந்து பார்த்தால் தெரிவது ஏதாவது ஒரு தலைவரின் சுட்டுவிரல்.

அது எந்தத் திசையைக் காட்டினால் என்ன, பாறையை நகர்த்த வேண்டியது அவர்தானே!